லட்ச ரூபாய் வாட்ச் நின்றுபோனால்?

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு அண்ணனும் நானும் சேர்ந்து மூன்றரை லட்சத்தில் சுவிஸ் வாட்ச் வாங்கிக் கொடுத்தோம். வாங்கிய அன்று சோபாவில் உட்காரவைத்து, காபி கொடுத்து, கார் வரை வந்து வழியனுப்பினார்கள். பதினான்காவது மாதம் வாட்ச் நின்றுவிட்டது. இப்போது, "கவுன்ட்டரில் கொடுத்துட்டுப் போங்க, மும்பைக்கு அனுப்பிப் பார்க்கணும், மூணு மாசம் ஆகும்" என்கிறார்கள். அதே கடை, அதே ஆட்கள். ஏன் இந்த மாற்றம்?
– வாசகி, கோவை

விற்றால் அவர்களுக்கு இன்சென்டிவ் உண்டு. பழுதை வாங்கி வைத்தால் ஒன்றும் கிடையாது. அந்தப் பணியாளரைக் கோபித்துப் பயனில்லை. ஏற்பாட்டைச் செய்தவர்கள் மேலே இருக்கிறார்கள். இன்னொன்று, பல ஊர்களில் ஷோரூம் பிராண்டின் சொந்தக் கடையே இல்லை, அனுமதி பெற்ற டீலர் நடத்துவது. வாட்சின் பின்மூடியைத் திறக்க அங்கே ஆளும் இருக்காது, அனுமதியும் இருக்காது. அதனால்தான் மும்பை.

ஆனால் உங்களிடம் பணம் வாங்கி பில் போட்டவர் அந்த டீலர். "கம்பெனியைக் கேளுங்க" என்று அவர் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நுகர்வோர் வழக்கு என்று வந்தால் தயாரித்தவர், விற்றவர் இருவரையும் சேர்த்தே எதிர்தரப்பாக்கலாம்.

முதலில் வாரன்டி அட்டையை எடுங்கள். ரோலெக்ஸ் 2015 ஜூலையிலிருந்து ஐந்து ஆண்டு தருகிறது. ஒமேகா 2018 நவம்பரிலிருந்து ஐந்து ஆண்டு. கார்ட்டியரில் வாட்சைப் பதிவு செய்துகொண்டால் எட்டு ஆண்டு வரை நீளும். இரண்டே ஆண்டு தருபவர்களும் நிறைய இருக்கிறார்கள். அந்த இரண்டுக்குள்ளேயே உங்கள் பதினான்கு மாதம் அடங்கிவிடுகிறது.

அடுத்தது ஜாப் ஷீட். அது இல்லாமல் வாட்சைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். சீரியல் எண், கொடுக்கும்போது இருந்த நிலை, கண்ணாடியிலும் ஸ்ட்ராப்பிலும் கீறல் உண்டா இல்லையா, புகார் என்ன, எந்தத் தேதிக்குள் திரும்பும் எல்லாம் அதில் ஏற வேண்டும். நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் என்று வாயால் சொன்னதை எழுதித் தர மறுத்தால், கடையை விட்டு வெளியே வருமுன் அவர்களுடைய மின்னஞ்சலுக்கு "இன்று இன்னார் இப்படிச் சொன்னார்" என்று நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள். பழுதுபார்க்க எடுக்கும் காலத்தை வாரன்டியோடு கூட்டித் தரும்படியும் அதிலேயே கேளுங்கள்.

என் ஆட்டோமேட்டிக் வாட்ச் திடீரென்று நாளுக்கு ஐந்து நிமிடம் வேகமாக ஓடுகிறது. முழு சர்வீஸ் செய்ய வேண்டும், 45,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள்.
– வாசகர், ஓசூர்

பணம் கட்டுமுன் காந்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கர், டேப்லெட் உறை, ஹேண்ட்பேக்கின் காந்தப் பூட்டு, இவற்றின் அருகில் வைத்தாலே போதும். உள்ளே இருக்கும் முடிபோன்ற ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வாட்ச் தலைதெறிக்க ஓடும். காந்தம் நீக்கும் கருவியில் வைத்து எடுக்கச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குப் பிறகும் ஓட்டம் சரியாகாவிட்டால் சர்வீஸைப் பற்றிப் பேசலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் 45,000 கேட்கும் இடத்தில் இன்னொரு கருத்தும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாரன்டி இருக்கிறது, பில் இருக்கிறது. ஆனாலும் "நீங்க யூஸ் பண்ண விதம் சரியில்லை" என்று கைவிரிக்கிறார்கள். எப்படி நிரூபிப்பது?
– வாசகர், மதுரை

நிரூபிக்கும் வேலையை ஏன் நீங்களே தலையில் தூக்கிப் போட்டுக்கொள்கிறீர்கள்? சரியில்லை என்று சொன்னவர் அவர். எந்தப் பாகத்தில், என்ன கண்டார், எப்படி அந்த முடிவுக்கு வந்தார் என்று டெக்னீஷியன் கையெழுத்தோடு, படத்தோடு அறிக்கை கேளுங்கள். தண்ணீர் புகுந்தது என்கிறார்களா? எந்த வழியாகப் புகுந்தது, ரப்பர் வளையம் எப்படி இருந்தது, அழுத்தச் சோதனையின் முடிவு என்ன? பை கைப்பிடி பிய்ந்தது அதிக பாரத்தால் என்கிறார்களா? எவ்வளவு பாரம் தாங்கும் என்று வாங்கும்போது எங்கே எழுதியிருந்தது? இப்படிக் கேட்கும்போதே பாதிப் பேர் "மேனேஜரிடம் பேசுகிறோம்" என்று இறங்கி வருவார்கள்.

வாங்கியவர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். வாட்ச் டயலில் 30 மீட்டர் என்று போட்டிருந்தால் அது நீச்சல் குளத்துக்கு அல்ல. கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். 30 மீட்டர் என்பதைப் படித்துவிட்டு யாராவது வேறு எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்று நீங்கள் கேட்டால், உங்கள் பக்கம்தான் நான். விற்பவர் அதை வாய்திறந்து சொல்லியிருக்க வேண்டும்.

விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆவது பிரிவின்படி பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அறிக்கைக்கு 45 நாள் கெடு. அதனால் அதுவரை வேறு எந்தக் கடையிலும் பொருளைப் பிரிக்கவிடாதீர்கள். பிரித்தால் "வெளியாள் கைவைத்துவிட்டார்" என்ற வாதத்தை நீங்களே எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

இத்தாலிய ஷூ. கல்யாணத்துக்கு ஒருமுறை போட்டுவிட்டு டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தேன். நான்கு ஆண்டு கழித்து எடுத்தால் அடிப்பாகம் ரஸ்க் மாதிரி உதிர்கிறது. கடைக்காரர் நம்பவே மறுக்கிறார்.
– வாசகர், சென்னை

நான் நம்புகிறேன். ஷூவின் அடிப்பாகத்தில் இருப்பது பாலியூரித்தேன். காற்றில் இருக்கும் ஈரத்தோடு அது மெல்ல மெல்ல வினைபுரிந்து, உள்ளே இருக்கும் பிணைப்புகள் அறுந்துபோகும். நடந்து தேய்வதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போடாமல் மூடி வைத்த ஷூவிலும் வரும். சென்னை போன்ற கடலோர ஊரில் சீக்கிரமே வரும். சில ஹேண்ட்பேக்குகளின் உட்புறத் துணி பிசுபிசுவென்று ஒட்டுவதும், ஓரத்தில் பூசிய பூச்சு இளகுவதும் இதன் சொந்தக்காரர்கள்தான்.

இந்த வேதியியல் தயாரிப்பாளர்களுக்கு நன்றாகவே தெரியும். மிலானில் வடிவமைத்ததைச் சென்னையில் விற்கும்போது, சென்னைக் காற்றையும் கணக்கில் எடுத்துத்தான் விற்க வேண்டும். நான்கு ஆண்டுக்குப் பிறகு வாரன்டி கேட்க முடியாது என்றாலும், "அடிப்பாகத்தை மட்டும் மாற்றித் தாருங்கள், செலவு என்ன?" என்று பிராண்டின் தலைமை அலுவலகத்துக்கே எழுதுங்கள். அவர்கள் மறுத்தாலும் நல்ல செருப்புத் தொழிலாளி ஒருவர் புது அடிப்பாகம் ஒட்டி, தைத்துத் தருவார். மேல்தோல் நன்றாக இருக்கும்போது ஷூவைத் தூக்கிப்போட வேண்டாம்.

பில் தொலைந்துவிட்டது. போச்சா?
– வாசகி, திருச்சி

போகவில்லை. கார்டு ஸ்டேட்மென்ட், வங்கிக் கணக்கு, கடையின் ஜி.எஸ்.டி. பதிவு, வாரன்டி அட்டையில் போட்ட முத்திரை, பிராண்டின் கணினியில் உங்கள் போன் எண், எல்லாமே சாட்சிதான். கடையில் பிரதி கேளுங்கள். பத்து லட்சத்துக்கு மேல் விலை என்றால் இன்னொரு தடயமும் இருக்கும். 2025 ஏப்ரல் 22 முதல் அந்த விலைக்கு மேற்பட்ட கைக்கடிகாரம், ஹேண்ட்பேக், ஷூ போன்றவற்றுக்கு விற்பவர் 1 சதவீத வரியை உங்கள் பான் எண்ணில் பிடித்துக் கட்ட வேண்டும். வருமான வரிக் கணக்கில் அது தெரியும்.

பில் இல்லாமல் "குறைச்சுத் தரேன்" என்பவரிடம் வாங்கியவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. குறைத்த தொகைக்கு அவர்கள் விற்றது தங்கள் உரிமையை.

"விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது" என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறார்களே?
– வாசகர், ஈரோடு

அச்சடித்தால் சட்டமாகிவிடாது. பழுதான பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019 சட்டம் சொல்கிறது. "கலர் பிடிக்கவில்லை" என்பதற்கு இது உதவாது. பழுதுக்கு உதவும்.

என் அப்பாவின் எச்.எம்.டி. வாட்சைப் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்காரர் நாற்பது வருஷமாக ஓட வைத்துக்கொண்டிருக்கிறார். என் சுவிஸ் வாட்சைக் காட்டினால், "கை வைக்க எனக்குத் தெரியும் தம்பி, ஆனா பார்ட்ஸ் கிடைக்காது" என்கிறார். ஏன் கிடைக்காது?
– வாசகர், திருநெல்வேலி

வந்த கடிதங்களில் என்னை அதிக நேரம் உட்காரவைத்த கேள்வி இது. ஏனென்றால் மற்ற எல்லாக் குறைகளும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

எச்.எம்.டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது. பாகங்களை யாரும் வாங்கலாம். அதனால் ஒவ்வோர் ஊரிலும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு ஒரு மனிதர் பிழைக்க முடிந்தது. 2016-இல் மத்திய அரசு அந்த வாட்ச் பிரிவை மூட முடிவெடுத்த பிறகும் அந்த வாட்சுகள் ஓடுகின்றன. கம்பெனி போனது, பழுதுபார்ப்பவர் இருக்கிறார், பாகம் இருக்கிறது.

சுவிஸ் பிராண்டுகள் பல இதற்கு நேர் எதிர்வழியில் போயின. உதிரி பாகங்களைத் தங்கள் சொந்த சர்வீஸ் சென்டருக்கும், தாங்கள் அங்கீகரித்த சிலருக்கும் மட்டும் கொடுப்பது என்று படிப்படியாக இறுக்கினார்கள். உலகத்தின் பெரிய வாட்ச் குழுமங்களில் ஒன்றான ஸ்வாட்ச், இங்கிலாந்தின் மொத்த உதிரிபாக வியாபாரிக்கு 2015 முடிவோடு சப்ளையை நிறுத்தியது. அவரிடம் பாகம் வாங்கிப் பிழைத்த சின்னச் சின்னப் பட்டறைகளுக்கு ஒரே நாளில் அலமாரி காலி.

ஐரோப்பாவின் பழுதுபார்ப்பவர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்களுடைய சங்கங்களின் கூட்டமைப்பு 2004-இல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தது. 2008-இல் ஆணையம் தள்ளுபடி செய்தது. நீதிமன்றம் போனார்கள்; 2010 டிசம்பரில் அந்தத் தள்ளுபடியையே நீதிமன்றம் ரத்து செய்தது. ஆணையம் மறுபடி விசாரித்து 2014-இல் மறுபடியும் தள்ளுபடி செய்தது. 2017 அக்டோபரில் இந்த முறை நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்றது. தரம் காக்க வேண்டும், போலிப் பாகங்களைத் தடுக்க வேண்டும், வாட்சுகள் சிக்கலாகிக்கொண்டே போகின்றன என்பவை கம்பெனிகள் தரப்பு வாதங்கள்.

பயிற்சி வேண்டும் என்பது நியாயம். கருவி வேண்டும் என்பதும் நியாயம். பயிற்சியும் கருவியும் உள்ளவருக்கும் பாகம் தரமாட்டேன் என்பதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. வாட்ச் உங்களுடையது, அதை யாரிடம் கொடுத்துச் சரிசெய்வது என்பதை மட்டும் விற்றவர் தன் கையிலேயே வைத்துக்கொள்கிறார். போட்டி இல்லாத இடத்தில் மூன்று மாதம் ஆறு மாதமாகும், 15,000 ரூபாய் வேலை 45,000 ஆகும். உங்கள் பஸ் ஸ்டாண்டுக் கடைக்காரர் பையனுக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுக்க மாட்டார். அந்தக் கையும் போய்விடும்.

நம் நாட்டில் இதே கதை கார்களில் நடந்தபோது ஒரு பெரிய உத்தரவு வந்தது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன என்றாலும், அது தவறு என்று ஓர் இந்திய அமைப்பு சொன்னது பதிவாகிவிட்டது. 2022-இல் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். கைக்கடிகாரமும் தோல் பொருளும் அந்தப் பட்டியலில் இல்லை. சேர்க்க வேண்டும்.

பணக்காரர்கள் வாட்ச் ரிப்பேர் ஆனால் நமக்கென்ன? இதற்கு இத்தனை பக்கமா?
– வாசகர், தஞ்சாவூர்

இந்த இதழுக்கு எழுதியவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பணிக்கொடையில் தனக்கென்று அவர் வாங்கிய ஒரே பொருள் அந்த வாட்ச். ஒரு பெண் முதல் வேலையில் பன்னிரண்டு மாதத் தவணையில் பை வாங்கினார். கடைவீதிக்கு ஒதுங்கிப் பழகிய அம்மாவை அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் அழைத்துப் போய் வாங்கிக் கொடுத்த மகன் ஒருவர். உண்மையான பெரும்பணக்காரருக்கு வாட்ச் நின்றால் இன்னொன்று இருக்கும். வரிசையில் நின்று அவமானப்படுபவர் ஒன்றே ஒன்று வாங்கியவர்.

"பார்ட்ஸ் தரமாட்டோம்", "அடைத்து ஒட்டிவிட்டோம், பிரிக்க முடியாது", "புதுசு வாங்கிக்கோங்க" என்ற வழக்கங்களை உங்கள் செல்போன் பேட்டரியில் பார்த்துவிட்டீர்கள். மிக்ஸியிலும் பார்ப்பீர்கள். அந்தப் பழக்கத்தை எந்த விலையில் பார்த்தாலும் எதிர்க்க வேண்டும்.

பழுதை நீக்கித் திருப்பித் தந்தார்கள். ஆனால் கண்ணாடி ஓரத்தில் முன்பு இல்லாத சில்லு. "முன்னாடியே இருந்தது" என்கிறார்கள்.
– வாசகி, சேலம்

முதல் பதிலில் போட்டோ எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். பொருளை ரிப்பேருக்கு வாங்கிக்கொண்டவர், தன் சொந்தப் பொருளை ஒரு விவேகமுள்ள மனிதர் எப்படிக் காப்பாரோ அப்படிக் காக்க வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆவது பிரிவு சொல்கிறது. சில்லு அவர்கள் கையில் இருந்தபோது வந்தது என்று காட்ட முடிந்தால், அந்தக் கவனத்தைக் காட்டினோம் என்று அவர்கள்தான் விளக்க வேண்டும். ஜாப் ஷீட்டில் "கண்ணாடி நல்ல நிலை" என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதன் நகலோடு ஒரு கடிதம். அதில் "மாற்றித் தருக" என்ற ஒரே கோரிக்கை இருக்கட்டும்; மற்ற மனக்குறைகளை அதே கடிதத்தில் கொட்ட வேண்டாம்.

டெலிவரி வாங்கும்போது கவுன்ட்டரிலேயே பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "திருப்தியாகப் பெற்றுக்கொண்டேன்" என்று பொடி எழுத்தில் இருக்கும்.

வாரன்டி முடிந்துவிட்டது. எஸ்டிமேட் 68,000. பேரம் பேசலாமா?
– வாசகர், திருப்பூர்

தொகையில் பேரம் நடப்பது கஷ்டம், பட்டியலில் நடக்கும். வேலை வாரியாகப் பிரித்துக் கேளுங்கள். பாலிஷ் வேண்டாம் என்று சொல்லலாம். பழைய மாடலுக்குப் பாலிஷ் போடாமலிருப்பதே மதிப்பு. ஸ்ட்ராப், கண்ணாடி, முள் எல்லாம் மாற்றியே தீர வேண்டுமா? மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று ஆரம்பத்திலேயே எழுதுங்கள். செய்த வேலைக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்றும் கேளுங்கள்.

பாரிஸ் போனபோது வாங்கிய ஹேண்ட்பேக். ஒன்றரை வருஷத்தில் செயின் கழன்றுவிட்டது. சென்னையில் அந்த பிராண்டுக்குக் கடையே இல்லை.
– வாசகி, புதுச்சேரி

பிரான்ஸில் வாங்கியது உங்களுக்கு நல்லதாகப் போயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில், பொருள் சரியாக இருக்க வேண்டிய சட்டப் பொறுப்பு இரண்டு ஆண்டுக்கு விற்றவருக்கு உண்டு. பிராண்ட் தனியாகத் தரும் வாரன்டி இதற்கு மேல். அந்த இரண்டு ஆண்டுக்குள் குறை தெரிந்தால், அது முதலிலிருந்தே இருந்தது என்று பிரெஞ்சுச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று காட்ட வேண்டியவர் விற்றவர். நீங்கள் இன்னும் ஆறு மாதம் உள்ளே இருக்கிறீர்கள். வாங்கிய கடைக்கே பில், படம், தேதியோடு மின்னஞ்சல் அனுப்புங்கள், "சட்டப்படியான இரண்டு ஆண்டு உத்தரவாதத்தின் கீழ் கேட்கிறேன்" என்ற வரி அதில் இருக்க வேண்டும். ஷனேல் கைப்பைகளுக்கு 2021-லிருந்து ஐந்து ஆண்டு உத்தரவாதம் தருகிறது. உங்களுடையது அந்தக் காலத்துக்குப் பின் வாங்கிய அந்த பிராண்டுப் பை என்றால் வேலை இன்னும் சுலபம்.

கையோடு எடுத்துப் போவதானால், கிளம்பும் விமான நிலையத்திலேயே சுங்கத் துறையிடம் பையைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது புதிதாக வாங்கி வந்ததாக நினைத்து வரி கேட்கும் தொல்லை வராது.

பதினைந்து லட்சம் ரூபாய் பை என்றால் அதில் தோலும் தையலும் எவ்வளவு?
– வாசகர், காரைக்குடி

நீதிமன்ற ஆவணத்தில் வந்த ஒரு கணக்கு சொல்கிறேன். 2024 ஜூனில் மிலான் நீதிமன்றம், டியோர் குழுமத்தின் இத்தாலியத் தயாரிப்பு நிறுவனம் ஒன்றை ஓராண்டுக்கு நீதிமன்ற மேற்பார்வையில் வைத்தது. கடையில் 2,600 யூரோவுக்கு விற்கும் பையைச் சேர்த்துத் தைக்க ஒரு சப்ளையருக்குக் கொடுத்தது 53 யூரோ. தோல் செலவு தனி. அந்தப் பட்டறைகளில் தொழிலாளர்கள் நடத்தப்பட்ட விதம்தான் வழக்கின் மையம். சப்ளையர்களை நிறுவனம் சரியாகக் கண்காணிக்கவில்லை என்று நீதிமன்றம் சொன்னது.

இந்தக் கணக்கை எல்லாப் பைக்கும் நீட்ட முடியாது. ஆனால் விளம்பரத்துக்கும் வாடகைக்கும் இவ்வளவு இடம் இருக்கும் ஒரு விலையில், கழன்ற செயினை மாட்டித் தருவதற்கும் இடம் இருக்கிறது.

பழுதானதற்குப் பதில் புதுசு தரச் சொன்னால் ஸ்டாக் இல்லை என்கிறார்கள். விற்காததை எரித்துவிடுவார்கள் என்று படித்தேனே?
– வாசகி, நாகர்கோவில்

சரியாகப் படித்திருக்கிறீர்கள். பர்பரி நிறுவனம் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள விற்காத சரக்கை ஒரே நிதியாண்டில் அழித்ததாக 2018-இல் அதன் ஆண்டறிக்கையே சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே ஆண்டு செப்டம்பரில் நிறுத்துவதாக அறிவித்தது. பிரான்ஸ் 2020-இல் போட்ட சட்டம், உணவல்லாத விற்காத பொருள்களை அழிப்பதைத் தடை செய்கிறது. மலிவாக விற்றால் பேர் கெடும் என்பதற்காக எரித்தார்கள். பழுதான ஒருவருக்கு மாற்றிக் கொடுத்திருந்தால் பேர் வளர்ந்திருக்கும்.

நன்றாகக் கவனிக்கும் பிராண்டே கிடையாதா?
– வாசகர், வேலூர்

உண்டு. பட்டேக் ஃபிலிப், 1839-லிருந்து தான் செய்த எந்த வாட்சையும் பழுதுபார்க்க உறுதி தருகிறது. ரிமோவா 2022 ஜூலைக்குப் பிறகு விற்ற சூட்கேஸ்களுக்கு, அவை செயல்படுவதில் வரும் குறைகளுக்கு ஆயுள்கால உத்தரவாதம் தருகிறது. இங்கிலாந்தின் பார்பர், பழைய மெழுகுக் கோட்டுகளை வாங்கி மறுபடி மெழுகேற்றி, கிழிசலைத் தைத்துக் கொடுக்கிறது; அப்பா போட்ட கோட்டை மகன் போடுகிறான். ஆக முடியாதது எதுவும் இல்லை.

கம்பெனி பெயரில் வாங்கிய சொகுசுக் கார். "நீங்க நுகர்வோரே இல்லை" என்கிறார்கள்.
– வாசகர், சென்னை

இயக்குநர் சொந்தமாகப் பயன்படுத்துவதற்கு வாங்கியதென்றால் நுகர்வோர்தான். மெர்சிடிஸ் பென்ஸ் வழக்கு ஒன்றில் 2024 ஜூலை 9 அன்று உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. வாடகைக்கு ஓட்ட வாங்கியிருந்தால் கதை வேறு.

வழக்குப் போட்டால் ஆயுசு முடிந்துவிடாதா?
– வாசகி, திண்டுக்கல்

முடிந்ததும் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். 2009 செப்டம்பரில் ஐதராபாத்தில் ஒரு நிறுவனம் பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸ் கார் வாங்கியது. சில நாள்களிலேயே கோளாறு. குற்ற வழக்கு, உயர் நீதிமன்றம், மாற்றுக் கார் தரும்படி 2012-இல் உத்தரவு, வாங்கியவர் ஏற்க மறுத்தது என்று நீண்டு, கடைசியில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 50 லட்ச ரூபாய் கொடுத்து முடிக்கச் சொன்னது. பதினைந்து ஆண்டு.

ஆனால் உங்கள் வழக்கு அந்த வழியில் போக வேண்டியதில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். மும்பைக்கோ டெல்லிக்கோ போக வேண்டாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்டத்துக்குள்தான் வரும். ஐந்து லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதிடலாம், இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். சட்டம் சொல்லும் கெடு மூன்று மாதம், ஆய்வகச் சோதனை இருந்தால் ஐந்து. நடைமுறையில் அதைவிட இழுக்கும். இருந்தாலும் நோட்டீஸ் கிடைத்த மாதத்திலேயே பேச்சுக்கு வரும் கம்பெனிகள் நிறைய. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். செலவில்லை, பல புகார்கள் அங்கேயே தீர்கின்றன.

நியாயமான மாற்று கொடுக்க முன்வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் அந்த ஐதராபாத் வழக்கு சொல்லித்தருகிறது.

ஃபேஸ்புக்கில் கிழித்து எழுதட்டுமா?
– வாசகர், கும்பகோணம்

எழுதுங்கள். கிழிக்க வேண்டாம். தேதி, தொகை, அவர்கள் எழுதிய பதில், ஜாப் ஷீட் படம், இவை போதும். "திருடர்கள்", "மோசடிக்காரர்கள்" என்று போனால் அவதூறு என்று உங்கள் மேல் திருப்புவார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு அதற்கு இருக்கிறது. கவுன்ட்டரில் நின்ற பணியாளரின் பெயரையும் படத்தையும் போடாதீர்கள். அவர் சம்பளத்துக்கு அவர் விற்கும் பொருளில் ஒன்றைக்கூட வாங்க முடியாது.

மகன் எனக்குப் பரிசாக வாங்கித் தந்த வாட்ச். பில் அவன் பெயரில், அவன் துபாயில். நான் புகார் கொடுக்க முடியுமா?
– வாசகர், ராமநாதபுரம்

இந்தியாவில் வாங்கியது என்றால் முடியும். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர் என்பதே சட்டம். மகனிடமிருந்து ஒரு வரி மின்னஞ்சல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். துபாயில் வாங்கியதென்றால் பிராண்டின் சர்வதேச வாரன்டி அட்டைதான் உங்கள் ஆயுதம். அதில் டீலர் முத்திரையும் தேதியும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

பழுது தெரிந்து இருபத்திரண்டு மாதம் ஆகிறது. ஒவ்வொரு முறையும் "பார்த்துக்கிட்டிருக்கோம் சார், ஹெட் ஆபீஸ்ல பேசிட்டோம்" என்று மிகவும் மரியாதையாகப் பதில் வருகிறது. இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா?
– வாசகர், விருதுநகர்

வேண்டாம். வழக்குப் போடும் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் ஆணையத்தில் புகார் தாக்கலாக வேண்டும். அவர்கள் அனுப்பும் மரியாதையான பதில்களால் அந்தக் கெடு ஒரு நாளும் நீளாது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலும் நீளாது. தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது, ஆனால் தக்க காரணம் கேட்பார்கள், "பொறுத்துப் பார்த்தேன்" என்பதை ஏற்பார்களா என்பது அவர்கள் கையில். இதுவரை வந்த மின்னஞ்சல்களை எல்லாம் அச்செடுங்கள், பழுது முதலில் தெரிந்த தேதியை மேலே எழுதுங்கள், இந்த வாரமே தாக்கல் செய்யுங்கள். 1915-க்கு இன்று மாலையே பேசிவிடுங்கள்.